கால் குடைச்சலும் கை நடுக்கமும்

“கால் குடையுது. படுத்தாத் தூக்கம் வர மாட்டேங்குது. எந்திரிச்சு நாலு நடை நடந்தாத்தான் அடங்குது.” அருப்புக்கோட்டைத் தறிவீடுகளிலும் திருச்சுழியைச் சுற்றிய கரிசல் ஊர்களிலும் பெண்கள் சொல்லும் பேச்சு இது. மாசமாக இருக்கும்போது இன்னும் அதிகமாகச் சொல்வார்கள். அதே தெருவில் இன்னொரு வீட்டில், “அப்பாவுக்குக் கை ஆடிக்கிட்டே இருக்கு, நடை சுருங்கிப்போச்சு, சட்டைப் பித்தான் போட்டு முடிக்கிறதுக்குள்ள பொழுது போயிடுது” என்பார்கள். முதலாவதை நாள் முழுக்கத் தறி மிதித்த அசதி என்கிறோம். இரண்டாவதை வயசானால் வருவதுதானே என்கிறோம். இரண்டையும் அதோடு விட்டுவிடுகிறோம்.

இந்த இரண்டு முறையீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. இரண்டுக்கும் மூளையில் ஒரே இடத்தோடு தொடர்பு உண்டு. நடுமூளையில் மெல்லிய கறுப்புப் பட்டையாகத் தெரியும் அந்தப் பகுதியை மருத்துவர்கள் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்பார்கள். நம் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் செய்யும் நரம்புச் செல்கள் அங்கே சில லட்சம் இருக்கின்றன. இரண்டு நோயிலும் டோபமின் பாதிக்கப்படுகிறது. இரண்டிலும் இரும்பு சம்பந்தப்பட்டிருக்கிறது. ஒன்றில் அந்தப் பட்டையில் இரும்பு குறைந்திருக்கிறது, மற்றதில் கூடியிருக்கிறது.

இதை இப்போது எழுதத் தோன்றியதற்கும் காரணம் உண்டு. இரும்பு மூளைச் செல்லைக் கொல்லும் என்ற செய்தி கடந்த சில ஆண்டுகளாகப் பரவி வருகிறது. அறிவியல் அளவில் அது உண்மையான செய்தி. ஆனால் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை. அப்படிப்பட்ட மண்ணில் அந்தச் செய்தி பாதி மட்டும் காதில் விழுந்தால் என்ன ஆகும்? நர்ஸம்மா கொடுக்கும் சத்து மாத்திரையை விழுங்காமல் இருக்க ஏற்கெனவே ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். வயிறு எரியுது, மலம் கறுப்பாப் போகுது, பிள்ளை கறுப்பாப் பிறந்துடும். இதில் “மூளைச் செல் செத்துப்போகும்” என்பதும் சேர வேண்டாம்.

முதலில் கால் குடைச்சல். உழைத்த காலில் வரும் வலி, சர்க்கரை நோயில் வரும் எரிச்சல், நரம்பு சுருண்டு வரும் கடுப்பு எல்லாவற்றையும் நம் பேச்சில் குடைச்சல் என்றே சொல்லிவிடுவோம். இங்கே சொல்வது ஒரு தனி நோய். அதற்கு நான்கு அடையாளங்கள் உண்டு. காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற தாங்க முடியாத உந்துதல் இருக்கும். உட்கார்ந்தாலோ படுத்தாலோ அது கூடும். நடந்தால் உடனே குறையும். பகலைவிடச் சாயங்காலமும் இரவும் மோசமாக இருக்கும். நான்கும் சேர்ந்திருந்தால் அது ‘அமைதியற்ற கால்’ நோய். இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 17ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்தார். ஸ்வீடன் நாட்டு எக்போம் 1945இல் முழுமையாக விவரித்தார். 1953இல் அதே நாட்டின் நோர்ட்லாண்டர் நோயாளிகளின் இரத்தக் குழாயில் இரும்பை ஏற்றிப் பார்த்தபோது பலருக்குக் குடைச்சல் நின்றது. இத்தனை பழைய செய்தி நம் ஊர் மருந்துச்சீட்டுகளில் இன்னும் அரிதாகவே தென்படுகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. கால் குடைச்சல் என்று போனால் ஒரு வலி மாத்திரையும் கால்சியமும்தான் பெரும்பாலும் கைக்கு வருகின்றன.

பெண்களுக்கு இது ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு வருகிறது என்பது பல நாடுகளில் கண்ட கணக்கு. பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில் தலைகாட்டி, பிரசவத்துக்குப் பின் தணிந்துவிடும். வயிற்றில் இருக்கும் பிள்ளை தனக்கான இரும்பில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வதும் அந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இது அதிகம்.

கவனிக்க வேண்டிய இடம் இங்கே வருகிறது. இந்த நோயாளிகளில் பலருக்கு ஹீமோகுளோபின் சரியாகவே இருக்கும். 2000இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் எர்லி, ஆலன் ஆகியோர் நோயாளிகளின் இரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் எடுத்து ஒப்பிட்டார்கள். இரத்தத்தில் இரும்புச் சேமிப்பு மற்றவர்களைப் போலவே இருந்தது. மூளையைச் சூழ்ந்த அந்த நீரில் குறைந்திருந்தது. மூளைக்கும் இரத்தத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு உண்டு. அதைத் தாண்டி எவ்வளவு இரும்பு உள்ளே போக வேண்டும் என்பது தனியாகத் தீர்மானமாகிறது. ஆகவே உடம்பில் இரும்பு போதுமான அளவு இருந்தும் மூளை பட்டினி கிடக்க முடியும். பரம்பரைக் கோளாறால் உடம்பெங்கும் இரும்பு குவிந்துவிட்ட சிலருக்குக்கூட இந்தக் கால் நோய் வந்திருக்கிறது.

2003இல் ஜேம்ஸ் கானர் குழுவினர் இந்த நோயோடு வாழ்ந்து இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்தார்கள். கறுப்புப் பட்டையின் செல்களில் இரும்பு குறைந்திருந்தது. ஆனால் செல்கள் சாகவில்லை. இருக்க வேண்டிய எண்ணிக்கையில் முழுசாக இருந்தன. இந்த ஒப்பீட்டில் இடதுபக்கத்தில் நான் எழுதி வைக்கும் மிக முக்கியமான வரி இதுதான். கால் குடைச்சலில் செல் பசியோடு இருக்கிறது, உயிரோடும் இருக்கிறது. அதனால்தான் இரும்பு கொடுத்தால் ஆள் தேறுகிறார்.

பசித்த செல் ஏன் டோபமினில் கோளாறு காட்டுகிறது? டோபமின் செய்யும் வேலையை டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி தொடங்கி வைக்கிறது. அந்த நொதியின் நடுவில் ஒரு இரும்பு அணு இருக்கிறது. அது இல்லாமல் நொதி ஓடாது. அந்த அணு ஃபெரஸ் வடிவத்தில் இருக்க வேண்டும், ஃபெரிக் வடிவத்தில் இருந்தால் பயன்படாது.

ஃபெரஸ், ஃபெரிக் என்ற இந்த வேறுபாட்டைக் கரிசல்காட்டு விவசாயி கண்ணால் பார்த்தவர். நம் கரிசல் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் மண்ணில் சுண்ணாம்பு மிகுந்து காரத்தன்மை ஏறிய இடங்களில் இரும்பு ஃபெரிக் வடிவத்தில் பூட்டிக் கிடக்கிறது. வேர் அதை எடுக்க முடியாது. கடலை, சோளம், உளுந்து எல்லாம் குருத்து இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் வெளிறி மஞ்சளாகும். கடையில் அன்னபேதி வாங்கி, தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்து இலைமேல் தெளிப்பார்கள். சில நாளில் இலை பச்சை கட்டும். அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்ஃபேட். கரைத்த உடனே தண்ணீர் இளம்பச்சையாக இருக்கும். புளிப்புச் சேர்க்காமல் வாளியில் விட்டுவைத்தால் காற்றுப்பட்டு துருநிறமாகி அடியில் படியும். அதற்குப் பிறகு தெளித்துப் பயனில்லை. சித்த மருத்துவர்கள் சோகைக்குக் கொடுக்கும் அன்னபேதிச் செந்தூரத்துக்கு மூலப்பொருள் இதே உப்பு. அரசு கொடுக்கும் சத்து மாத்திரையில் இருப்பதும் பெரும்பாலும் இதே உப்பு. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு.

வாளியில் நடந்த அந்த நிறமாற்றத்தின்போது, ஃபெரஸ் இரும்பு ஒரு எலக்ட்ரானை ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிட்டு ஃபெரிக் ஆனது. எலக்ட்ரானைச் சுலபமாகக் கொடுத்து வாங்குவதுதான் இரும்பின் திறமை. உயிர் அதைப் பயன்படுத்திக்கொண்டது. அதே திறமைதான் அதன் ஆபத்தும். செல்லுக்குள் எப்போதும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். தளையில்லாமல் திரியும் ஃபெரஸ் இரும்பு அதோடு சேர்ந்தால், அகப்பட்டதையெல்லாம் கடிக்கும் ஹைட்ராக்சில் துகள் பிறக்கிறது. 1894இல் ஹென்றி ஃபென்டன் கண்டறிந்த வினை இது.

இனிக் கை நடுக்கத்துக்கு வருவோம். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்ததால் அவர் பெயரில் வழங்கும் நோய். நம் வைத்தியர்கள் நடுக்குவாதம் என்பார்கள். நடுக்கம் கண்ணில் படும்போது கறுப்புப் பட்டையில் டோபமின் செல்களில் பெரும்பகுதி ஏற்கெனவே அழிந்திருக்கும். 1980களின் கடைசியில், இறந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்தவர்கள் அந்தப் பட்டையில் மூன்று மாற்றங்களைக் கண்டார்கள். இரும்பு கூடியிருந்தது. செல்லின் சவ்வுக் கொழுப்பு ஆக்சிஜனேறிக் கெட்டிருந்தது. அதைத் தடுக்கும் குளூட்டாதயோன் குறைந்திருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு கோட்பாடு அன்றைக்கு இல்லை.

அது வந்தது 2012இல். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டிக்சன், பிரென்ட் ஸ்டாக்வெல் குழுவினர் புற்றுச் செல்களைக் கொல்லும் ஒரு வேதிப்பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். செத்த செல்கள் வழக்கமான முறையில் சாகவில்லை. 1972இல் பெயரிடப்பட்ட அபோப்டோசிஸ் என்ற ஒழுங்கான சாவில், செல் தன் உட்கருவைத் துண்டு துண்டாக்கிச் சுருங்கி, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல் போய்ச் சேரும். இங்கே உட்கரு அப்படியே இருந்தது, மைட்டோகாண்ட்ரியா சுருங்கியிருந்தது, சவ்வு கிழிந்திருந்தது. இரும்பைப் பிடித்து வைக்கும் மருந்தைச் சேர்த்தால் சாவு நின்றது. அந்தச் சாவுக்கு ஃபெரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

சவ்வில் என்ன நடக்கிறது என்பதைக் கடலை எண்ணெய் வைத்திருக்கும் எந்த வீடும் அறியும். திறந்துவைத்த எண்ணெய் நாளாக நாளாகக் காறிப்போகும். காறல் ஒரு துளியில் தொடங்கினால் அடுத்தடுத்துப் பரவும். செல்லின் சவ்வும் சீக்கிரம் காறக்கூடிய கொழுப்பால் ஆனது. மூளையில் அவ்வகைக் கொழுப்பு மிக அதிகம். உடல் எடையில் 50இல் ஒரு பங்கே இருக்கும் மூளை, உள்ளே போகும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. கொழுப்பு, ஆக்சிஜன், தளையற்ற இரும்பு மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் காறல் தொடங்கும். அதை ஒவ்வொரு கணமும் அணைத்துக்கொண்டிருப்பது ஜிபிஎக்ஸ்4 (GPX4) என்ற நொதி. அதன் மையத்தில் செலினியம் இருக்கிறது. அதற்கு எரிபொருள் குளூட்டாதயோன். வளர்ந்த எலிகளின் நரம்புச் செல்களில் மட்டும் இந்த நொதியை நீக்கிய 2015ஆம் ஆண்டுச் சோதனையில், இயக்க நரம்புகள் அழிந்து எலிகள் சில நாட்களில் முடங்கிப்போயின.

எல்லா நரம்புச் செல்லும் இருக்க, கறுப்புப் பட்டைச் செல் ஏன் முதலில் விழுகிறது? அதன் வாழ்க்கையே ஆபத்தானது. ஒரே செல் கிளை பரப்பி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைப் பராமரிக்கிறது. அத்தனை சவ்வையும் காறாமல் காக்க வேண்டும். அது தானே துடித்துக்கொண்டிருக்கும் செல், ஓய்வில்லை. டோபமினே ஆக்சிஜனேறிக் கெடக்கூடியது. அதோடு, டோபமின் செய்ய இரும்பு வேறு வேண்டும். அந்தப் பட்டைக்குக் கறுப்பு நிறம் தரும் நியூரோமெலனின் என்ற நிறமி, மிஞ்சிய இரும்பைப் பிடித்துப் பூட்டி வைக்கிறது. செல் இறந்தால் பூட்டிய இரும்பும் வெளியே வந்து பக்கத்துச் செல்லுக்குப் பகையாகிறது. வயதானால் மூளையில் இரும்பு சேர்வது இயல்பு; 1958இலேயே ஸ்வீடனில் ஹால்கிரென், சூராண்டர் இருவரும் வயதுவாரியாக அளந்து காட்டினார்கள். பார்க்கின்சன் நோயில் அந்தப் பட்டையில் அது இயல்பைத் தாண்டுகிறது.

இப்போது இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே வைத்தால், ஒரு பக்கம் குறைவு, மறுபக்கம் மிகுதி. குறைவுக்கு ஊற்று, மிகுதிக்கு இறை என்று தோன்றும். உலகத்தின் பெரிய நரம்பியல் மையங்களும் அப்படித்தான் நினைத்தன. ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் புதிதாக நோய் கண்ட, இன்னும் எந்த டோபமின் மருந்தும் தொடங்காத 372 பேருக்கு டெஃபெரிப்ரோன் என்ற இரும்பு நீக்கும் மருந்தையோ வெற்று மாத்திரையையோ 36 வாரம் கொடுத்தார்கள். முடிவு 2022 டிசம்பரில் வெளியானது. மருந்து மூளைக்குப் போனது; கறுப்புப் பட்டையில் இரும்பு குறைந்ததை ஸ்கேன் காட்டியது. ஆனால் நோயாளிகள் மோசமானார்கள். நோயின் கடுமையைக் காட்டும் அளவுகோலில் வெற்று மாத்திரைக்காரர்கள் 6.3 புள்ளி ஏறிய இடத்தில் மருந்து எடுத்தவர்கள் 15.6 புள்ளி ஏறினார்கள். நோய் முற்றியதால் நடுவிலேயே டோபமின் சிகிச்சையைத் தொடங்க வேண்டியவர்கள் மருந்துப் பிரிவில் 100க்கு 22 பேர். மற்றதில் 3 பேருக்கும் குறைவு.

இரண்டு கணக்கும் சந்திக்கும் இடமாக நான் பார்ப்பது இந்த ஆய்வைத்தான். இறந்த செல்லைச் சுற்றி மிஞ்சிக் கிடந்த இரும்பை எடுக்கப் போன மருந்து, இன்னும் உயிரோடு டோபமின் செய்துகொண்டிருந்த செல்களின் நொதியிலிருந்தும் இரும்பைப் பிடுங்கிவிட்டது என்பதே பெரும்பாலானவர்கள் ஏற்கும் விளக்கம். கால் குடைச்சல்காரரின் செல்லுக்கு எந்தப் பசி இருந்ததோ, அதே பசியை நடுக்கக்காரரின் மிச்சச் செல்களுக்கும் ஏற்படுத்தியாயிற்று. ஒரே பட்டைக்குள், ஒரே ஆளிடம், இரும்பு மிகுதியும் இரும்புப் பசியும் சேர்ந்தே இருக்க முடியும். எங்கே, எந்த வடிவத்தில், எந்தக் காவலில் இரும்பு இருக்கிறது என்று பார்க்காமல் மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மறதி நோயான அல்சைமரில் இதே மருந்தை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024இல் வந்தது. அங்கும் மருந்து எடுத்தவர்களின் அறிவுத்திறன் வேகமாகச் சரிந்தது.

இரும்புதான் முதல் குற்றவாளியா என்பதிலேயே எனக்கு ஐயம் உண்டு. நடுக்கம் தொடங்கும் முன்பே வேறு காரணத்தால் இறந்து, மூளையில் மட்டும் நோயின் ஆரம்பச் சுவடு இருந்தவர்களை 1994இல் ஆராய்ந்தபோது, குளூட்டாதயோன் ஏற்கெனவே குறைந்திருந்தது. இரும்பு இன்னும் ஏறியிருக்கவில்லை. காவல் முதலில் தளர்ந்திருக்கிறது, இரும்பு பிறகு சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் காவலைப் பலப்படுத்தலாமே என்று கேட்கலாம். அதுவும் நடந்து பார்த்தாயிற்று. காறலைத் தடுக்கும் வைட்டமின் ஈயை 800 பேரிடம் சோதித்த ஆய்வு 1993இல் பயனில்லை என்று முடிந்தது. சவ்வைக் காக்கும் கோஎன்சைம் கியூ10ஐ 600 பேரிடம் சோதித்த ஆய்வும் 2014இல் அதே முடிவைச் சொன்னது. பாதிக்கு மேல் செல் செத்த பிறகு தொடங்கும் சிகிச்சையின் எல்லை அது. மருந்துக்கடையில் இதே பெயர்களில் விலை கூடிய மாத்திரைகளை நடுக்கத்துக்கென்று வாங்குகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைவில் வைப்பது நல்லது.

மெதுவாக, வருடக் கணக்கில் நடக்கும் இந்தச் சாவுக்கு ஒரு வேகமான வடிவமும் இருக்கிறது. இரத்தக்கொதிப்பு ஏறி மூளைக்குள் குழாய் வெடித்தால், கொட்டிய இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து இரும்பு வெளியேறும். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு. 30 மில்லிலிட்டர் கசிந்தால் 15 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து நம் உடம்பு முழுவதுக்கும் ஒரு நாளில் சேர்வது ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். அந்தச் சிறிய இடத்தில் அத்தனை இரும்பு கொட்டினால் சுற்றியுள்ள செல்கள் இதே வழியில் சாகின்றன என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. இதிலும் இரும்பு நீக்கும் ஊசியைச் சோதித்த 2019ஆம் ஆண்டு ஆய்வில் 90 நாள் கழித்து எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. இரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒழுங்காக விழுங்குவது இன்றைக்கும் இந்தச் சாவைத் தடுக்கும் நிச்சயமான வழி.

இன்னொரு வடிவத்தையும் சொல்லியாக வேண்டும், நம் பக்கத்து வழக்கத்தோடு அது உரசுகிறது. பிறவியிலேயே மூளையில் இரும்பு சேரும் அரிய நோய்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்குக் காரணமான பான்க்2 மரபணு 2001இல் கண்டறியப்பட்டது. பள்ளி வயதுப் பிள்ளை கால் இழுத்து, கழுத்து கோணி, பேச்சு குழறத் தொடங்கும். ஸ்கேனில் மூளையின் அடிப்பகுதி புலியின் கண் போலத் தெரியும். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் நோய் வரும். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுவது இன்னும் தொடரும் குடும்பங்களில் அந்தச் சேர்க்கைக்கு வாய்ப்பு கூடுகிறது. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்தப் பெற்றோரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் முன்கூட்டியே மரபியல் ஆலோசனை கிடைக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

காட்டு வேலைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. களைக்கொல்லியாக அடிக்கும் பாராகுவாட், செல்லுக்குள் போய் ஆக்சிஜனை ஓயாமல் நச்சுத் துகளாக மாற்றிக்கொண்டிருக்கும். ஃபென்டன் வினைக்கு அது தீனி. பாராகுவாட்டோ ரோட்டெனோன் என்ற பூச்சிமருந்தோ பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் சுமார் இரண்டரை மடங்கு என்று அமெரிக்க விவசாயத் தொழிலாளர்களிடையே 2011இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. கேரளம் பாராகுவாட்டைத் தடை செய்துவிட்டது. பருத்திக்கும் கடலைக்கும் வெறுங்காலோடும் வெறுங்கையோடும் மருந்து கலக்கும் நம் ஆட்களுக்காக அந்தத் தடையை இங்கேயும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

சிகிச்சையிலும் இரண்டு நோயும் ஒன்றையொன்று தொட்டு விலகுகின்றன. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தாமோதரனும் ராமசாமியும்; ஆண்டு 1937. அது பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகும் என்று உலகம் உறுதியாக அறிய 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1982இல் துருக்கியின் அக்பினார் அதே மருந்தைக் கால் குடைச்சலுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டார். நடுக்கக்காரருக்கு அது இன்றும் முதல் துணை. குடைச்சல்காரருக்கோ நாளடைவில் அது எதிராகத் திரும்பும். இரவில் வந்த குடைச்சல் சாயங்காலமே, பிறகு மதியமே தொடங்கிவிடும். அதனால் 2025இல் வந்த அமெரிக்க உறக்க மருத்துவ வழிகாட்டுதல் டோபமின் மருந்துகளைப் பின்னுக்குத் தள்ளி, முதலில் இரும்பைச் சோதித்து நிரப்பச் சொல்கிறது. சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 75க்குக் கீழே இருந்தால் குடைச்சலுக்கு இரும்பு கொடுப்பது முறை; சாதாரண ஆய்வுக்கூடச் சீட்டில் 30 இருந்தாலே சரி என்று அச்சடித்திருப்பார்கள். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது எடுத்தால் அந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும்.

இரண்டு பக்கத்துக்கும் ஆகாத ஒரு மருந்து உண்டு. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு டோபமினைத் தடுக்கிறது. மசக்கைக்கு அதை எடுத்த கர்ப்பிணிக்கு அன்றிரவே கால் குடைச்சல் கூடலாம். வயிற்றுப் பிரட்டலுக்கு எடுத்த நடுக்கக்காரர் மரம்போல விறைத்துப்போகலாம். சீட்டு எழுதுபவரிடம் நோயை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நெற்றிப்பொட்டில் கருவியை வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்டில் இந்த ஒப்பீடு படமாகவே தெரிகிறது. 1995இல் ஜெர்மனியின் பெக்கர் குழுவினர் பார்க்கின்சன் நோயாளிகளில் பலருக்குக் கறுப்புப் பட்டை வழக்கத்தைவிட வெளிச்சமாகத் தெரிவதைக் கண்டார்கள். பத்து ஆண்டு கழித்துக் குடைச்சல் நோயாளிகளுக்கு அதே பட்டை மங்கித் தெரிவதை வேறொரு குழு கண்டது. எல்லோருடைய எலும்பும் ஒலி புக இடம் கொடுக்காது, படத்தைப் படிக்கப் பழகிய கண்ணும் வேண்டும். ஆனாலும் கருவி எங்கும் கிடைப்பது. மதுரை வரை போய் எம்ஆர்ஐக்குக் காத்திருக்கும் செலவு இதில் இல்லை. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இதைப் பழக்கினால் இரண்டு வகை நோயாளிக்கும் உதவும்.

நடுக்கமும் இரத்தசோகையும் சேர்ந்த பெரியவர்கள் நம் ஊர்களில் நிறைய. அவர்களுக்கு இரும்பு கொடுக்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சோகை இருந்தால் கொடுக்க வேண்டும். இரத்தத்துக்குப் போகும் அந்த இரும்பு கறுப்புப் பட்டையில் போய்க் குவியும் என்பதற்குச் சான்று இல்லை. சோகையால் வரும் மூச்சுவாங்கலும் தளர்ச்சியும் விழுந்து எலும்பு முறிவதும் கண்ணெதிரே நிற்கும் ஆபத்துகள். முருங்கைக்கீரையையும் கம்மங்கூழையும் நிறுத்த வேண்டியதே இல்லை. ஆனால் இரும்பு மாத்திரையையும் லெவோடோபாவையும் ஒரே வாயில் போட்டுவிடக் கூடாது. வயிற்றில் இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, லெவோடோபா பாதியளவுகூட உடம்பில் சேராமல் போகலாம். நடுக்கம் கூடிவிட்டதே என்று மருந்தின் அளவை ஏற்றுவார்கள். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும். வயதான ஆணுக்குச் சோகை வந்தால் மூலம், குடல்புண், குடல் கட்டி என்று எங்கேயாவது இரத்தம் கசிகிறதா என்பதையும் மாத்திரை தொடங்கும் அன்றே பார்த்துவிட வேண்டும்.